தொண்டை போன அன்று வேடந்தாங்கலில்

எனக்குப் பொய் சொல்ல வராது. அதைவிட மோசம், வரும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை வேடந்தாங்கல் ஏரிக்கரையில், பல நூறு நாரைகள் முன்னிலையில் போனது.

வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. வீடு ஸ்ரீபெரும்புதூரில். மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது, மகன் கவினுக்கு நாலு. பறவை பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சொல்லி, மூன்று முறையும் ஓடி வந்து நடுவில் நின்றுவிட்டது. (ஓடி என்றால் ஓவர்டைம். எங்கள் பக்கத்தில் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்து கற்றுக்கொள்ளும் சொல்.) நாலாவது வாரம் யாழினி என்னிடம் கேட்கவே இல்லை. என் மனைவி ரேவதியிடம், "அப்பா சும்மா சொல்லுவாரும்மா" என்றாள். சுருக்கென்று தைத்தது.

பொங்கல் முடிந்து பள்ளிக்கு ஒருநாள் விடுமுறை வந்தது. கம்பெனியில் மாதக் கடைசி ஏற்றுமதி நெருக்கடி. லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆகவே நோய்வாய்ப்பட முடிவு செய்தேன். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். வயிற்றுப்போக்கைப் போன மாதமே செலவழித்துவிட்டேன். யோசித்து யோசித்துத் தொண்டையைப் பிடித்தேன். பேச்சே வராதவனுக்கு யார் போன் போடுவார்கள்? காலை ஆறு மணிக்கு என் மேனேஜர் சுடலைமுத்து சாருக்கு வாட்ஸப்பில், "சார், தொண்டை சுத்தமா போச்சு. பேச முடியல. இன்னைக்கு லீவு வேணும்" என்று அனுப்பினேன்.

திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். "ரெஸ்ட் எடு. உப்புத்தண்ணி கொப்புளி" என்று பதில் வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மச்சானின் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஒரகடம் சிக்னலில் எங்கள் கம்பெனி பஸ் பக்கத்திலேயே வந்து நின்றது. ரேவதியின் துப்பட்டாவை இழுத்துத் தலையோடு முகத்தை மூடிக்கொண்டேன்.

"இன்னாங்க இது? வளையலும் போட்டு வுடட்டுமா?" என்றாள்.

பஸ் போனதும் வந்த தெம்பில், செங்கல்பட்டு தாண்டும் வரை உரக்கப் பாடிக்கொண்டே ஓட்டினேன். பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

ஏரி நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் நின்ற மரங்களில் இலையைவிடப் பறவைதான் அதிகம். யாழினி வாயைப் பிளந்தபடி நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் உட்காரவைத்த மாதிரி. கவின் மட்டும் பறவையைப் பார்க்கவில்லை. நடந்தால் கீச் கீச் என்று கத்தும் செருப்பைப் போட்டிருந்தான். அந்தச் சத்தத்துக்குப் பறவைகள்தான் அவனைப் பார்த்தன.

பார்வைக் கோபுரத்தின் மேல்படி ஏறியதும் முதுகைக் காட்டியபடி ஒருவர் குழாய் போன்ற பெரிய கேமராவோடு உட்கார்ந்திருந்தார். திரும்பினார். சுடலைமுத்து சார்.

அன்று அவருக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சப்ளையரிடம் ஆடிட். அது மதியத்துக்கு மேல்தான் என்பதும், காலையில் அவர் பறவை படம் எடுக்கப் போவார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

"ஏம்ப்பா, நீ தொண்ட சரியில்லன்னுலா சொன்ன?"

நான் கழுத்தைத் தொட்டுக் காட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, காற்று மட்டும் வருகிற மாதிரி "ஹ்ஹ்" என்றேன். ரேவதி சமாளித்தாள். "டாக்டராண்ட போய்க்கினு இருந்தோம் சார். பசங்க அழுதுச்சுங்க, அப்டியே..." (ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேடந்தாங்கல் வழியாகப் போகும் டாக்டர் வீடு எது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்றேனே.)

அவர் யாழினியைப் பார்த்து, "அப்பாவுக்கு ரொம்ப வலிக்கா பாப்பா?" என்றார்.

"இல்லியே அங்கிள். வண்டியில பாட்டுப் பாடிக்கினே வந்தாரு."

"போன்ல பாட்டு வச்சாரு சார்," என்றாள் ரேவதி.

சார் கேமரா பையைத் துழாவி ஒரு தொண்டை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். "பேசாத. நல்லா சப்பு." சப்பினேன்.

மிட்டாய் பாதி கரைந்திருக்கும். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கீச் கீச் இல்லை.

கீழே பார்த்தேன். கவின் எப்போது படியிறங்கினானோ, கரைச் சரிவில் தண்ணீரை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தான். கையில் முறுக்கு. எட்ட ஒரு நாரை நின்றது; அதற்கு ஊட்டப் போகிறானாம். தண்ணீருக்கு நாலடிகூட இல்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் கத்தவில்லை. கைதட்டினேன். பக்கத்தில் மேனேஜர் இருக்கிறார் என்று அந்த நேரத்திலும் ஏதோ ஒரு மூளை கணக்குப் போட்டது. அரை நொடிதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் கோபம் வரும். அதற்குள் அவன் கால் தண்ணீரில் பட்டுவிட்டது.

"டேய் கவினு! நில்ரா!"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. கவின் நின்றான். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று கிட்டத்து மரங்களில் இருந்த அத்தனையும் படபடவென்று ஒரேயடியாக எழும்பின. ஒரு கணம் வெயிலே மறைந்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி அவனைத் தூக்கினேன். முழங்கால்வரை சேறு. முறுக்கு மட்டும் நனையவில்லை. அதற்குள் வனக் காவலர் ஓடிவந்தார்.

"யோவ், இன்னாய்யா இது? ஏரியையே காலி பண்ட்ட! போர்டுல அமைதின்னு எழுதிக்கீது, படிக்கத் தெரியாது?"

"புள்ள சார்... தண்ணில..." என்றேன். அவர் கவினின் சேற்றுக் காலைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார்.

பின்னாலேயே சுடலைமுத்து சார் மெதுவாக இறங்கி வந்தார். வேலை போனது, போனால் போகட்டும், பிள்ளை கையில் இருக்கிறான் என்று நின்றேன்.

"சார், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அதான் மதுராந்தகம் வரைக்கும் கேட்டுச்சே," என்றபடி கேமராவின் திரையை என் முன்னால் நீட்டினார். வானம் முழுக்கச் சிறகு. "மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன், ஒண்ணுகூட எந்திரிக்கல. ஒரு சத்தம் போட்ட பாரு!" சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு கவினின் தலையைத் தடவினார். "புள்ளைக்குன்னா லீவு கேளுப்பா. நான் குடுக்கலேன்னா அப்பறம் பொய் சொல்லு. இப்ப நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு வந்துரு."

வந்தேன். கம்பெனியில் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுவாரமே எங்கள் பிரிவில் ஒரு விதி வந்தது: உடம்பு சரியில்லை என்றால் மெசேஜ் செல்லாது, போன் செய்துதான் சொல்ல வேண்டும். தொண்டை என்றால் நேரில் வர வேண்டும். ஏன் இப்படி ஒரு விதி என்று புதிதாகச் சேருகிறவர்கள் இன்றும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு எனக்கே ஒன்று கொடுத்தார். இப்போது அது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று, "இன்னா அழகு! யார் எடுத்தது?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து ரேவதியின் குரல் வரும்.

"எடுத்தது இவரோட சாரு. பறக்க வுட்டது இவரு."