காலேஜுக்குப் போன கானாங்கெளுத்தி

ஒரு ஆராய்ச்சியை முழுசாகக் காக்காய்க்குப் போட்டவன் நான். ஒத்துக்கொள்கிறேன்.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறேன். படிப்பு ஐந்தாவது. (அதுவும் வாத்தியார் நல்லவர் என்பதால்.) எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என் மகள் ஜெனி. பொத்தேரி பக்கம் படித்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "நைனா, ஆராய்ச்சிக்கு முப்பது கானாங்கெளுத்தி வோணும். ஐஸ்ல போட்டு வை" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் அந்த ஆராய்ச்சியில் அவள் பேர் இருக்காதாம்.

எதற்கு என்று கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஜெனிக்குப் பாடம் நடத்துகிற மேடம் கைக்குப் போகிற மீன். அப்படியே அனுப்பினால் என் தொழிலுக்கு என்ன மரியாதை? முப்பதையும் கீறி, குடல் எடுத்து, ஏழு தண்ணீர் அலசினேன். மஞ்சளும் உப்பும் தடவினேன். (மிளகாய்த்தூளையும் எடுத்தேன். காரம் தாங்குவார்களோ என்னவோ என்று வைத்துவிட்டேன். அவ்வளவு புத்தி இருந்தது.)

பெட்டி கனம். நானே தூக்கிப் போனேன். செங்கல்பட்டில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறியதும் என்னைச் சுற்றித் தாராளமாக இடம் கிடைத்தது.

லேபில் ஏழெட்டுப் பேர், வெள்ளைக் கோட்டு. ஜெனி மூடியைத் திறந்தாள்.

"நைனா... கொடலு எங்க?"

"காக்காய்க்குப் போட்டேன்."

"அதுக்குள்ள பிளாஸ்டிக் கீதான்னு பாக்கறதுதான் நைனா என் ஆராய்ச்சியே!"

அவள் கண் கலங்கிவிட்டது. இன்றோடு படிப்பை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். மீனைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது.

அப்போது ஒரு சீனியர் பெண் சொன்னாள். "ஆராய்ச்சிக்கு நான் ஏரியில புடிச்சாந்த தண்ணிய எங்கம்மா செடிக்கு ஊத்திட்டாங்க, அங்கிள்."

"என் மண்ணுல எங்கப்பா ரோஜா நட்டாரு" என்றான் இன்னொருவன்.

மேடமும் விடவில்லை. "எங்க வீட்லயும் நான்தான் மொதல்ல படிச்சேன். எங்கப்பா என் பூச்சி டப்பாவைக் கழுவிக் கவுத்து வெச்சாரு."

ஜெனி சிரித்துவிட்டாள்.

"நாளைக்குக் காலைல எல்லாரும் உங்க மார்க்கெட்டுக்கு வர்றோம்" என்றார் மேடம். "அண்ணா, கத்திய மட்டும் எங்ககிட்ட குடுத்துடுங்க."

வந்தார்கள். என் வெட்டுக்கட்டையைச் சுற்றி லேபே குந்தியது. புது மீனை அவர்களே கீறி, வயிறு வயிறாகப் புட்டியில் போட்டார்கள். நான் கைகட்டி நின்றேன். வெள்ளிக்கிழமை ஜெனி முடித்துக் கொடுத்தாள். (நான் கழுவிய முப்பதைப் பொத்தேரி மெஸ்காரர் வறுத்தாராம். முள்கூட மிஞ்சவில்லையாம்.)

ஜெனி இப்போது அதே மேடத்திடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். யார் மீனை நீட்டினாலும், நான் கத்தியை எடுப்பதற்குள் பக்கத்துக் கடை ராணி கூவுவாள்:

"அண்ணாத்த, கொழம்புக்கா, காலேஜுக்கா?"

கேட்டுவிட்டுத்தான் கீறுகிறேன்.