உப்புச் சோதனைக்கு ஒரு தம்பி

“கூடப்பிறந்தவங்க பேரு?” என்று ஆராய்ச்சி சென்டர் நர்ஸ் ஷிஜா கேட்டாள்.

சுவாமிதாஸுக்கு இருக்கிற ஒரே தம்பியோடு பேசி ஒன்பது வருஷம். பாறசாலையில் ஒரு பலாமரம் யார் பக்கம் நிற்கிறது என்று தொடங்கிய சண்டை. மரம் பட்டுப்போயும் சண்டை பட்டுப்போகவில்லை.

“ஜெபசிங்” என்றார்.

“அவரையும் கூட்டிட்டு வரணும், கேட்டோ அங்கிள். உப்பு மலையாளிகளுக்கும் தமிழாளுகளுக்கும் ஒண்ணுபோல பிரஷர் ஏத்துதா, ஒரே ரத்தத்துல எப்படின்னு பாக்கத்தான் இந்த ஸ்டடி. ரெண்டு வாரம் உப்பு கம்மி, ரெண்டு வாரம் கூடுதல். மூணு நேரமும் சாப்பாடு இங்கதான். கூடப்பிறந்தவங்க ஒரே மேசையில உக்காரணும்.”

ஒரே மேசை! சுவாமிதாஸ் விழுந்தது அந்த வார்த்தையில்தான். பஸ் கண்டக்டராக முப்பது வருஷம் ஊரோடெல்லாம் பேசியவர். மனைவி ராஜபாய் போனபின் மூன்று வருஷமாகக் கரமனை வீட்டில் சுவரைப் பார்த்துச் சோறு தின்கிறார். ஒரு வேளையாவது எதிரில் ஒரு முகம் இருந்தால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தம்பியோடு பேச நாலு தடவை போனை எடுத்தார், நாலு தடவையும் வைத்தார். கடைசியில் தம்பானூர் ஓட்டல் ஒன்றின் சமையல்காரர் பிச்சைக்கனியைப் பிடித்தார். திருநெல்வேலிக்காரர். ஓட்டலுக்கு வெள்ளையடித்து முடியும்வரை அவருக்கு வேலையில்லை.

“ஒரு மாசம் நீ என் தம்பி ஜெபசிங். சம்மதமா?”

“மூணு நேரம் சோறு போட்டா உங்க பாட்டனாக்கூட இருப்பேன் அண்ணாச்சி.”

முதல் நாளே சொதப்பல். சுவாமிதாஸ் கண்ணை மூடி ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் தம்பி பாதித் தட்டைக் காலி செய்திருந்தார்.

“தம்பி ஜெபம் பண்ண மாட்டாரா?” என்றாள் ஷிஜா.

“அவன் சின்னதுலேயே அப்படியாக்கும்.”

அதைச் சரிக்கட்ட மறுநாள் பிச்சைக்கனி எழுந்து நின்று உரக்க ஜெபம் பண்ணினார். பாதியில் ஜெபத்துக்குள் சுடலைமாடசாமி வந்துவிட்டார்.

“அம்மை வழியில இந்துக்களாக்கும்” என்று சுவாமிதாஸ் சமாளித்தார்.

வினை அங்கேதான். ஸ்டடியை நடத்தும் டாக்டர் அனந்தலக்ஷ்மி காதுக்குப் போயிற்று. “ரெண்டு வழியா? அப்போ வம்சம் முழுக்க எழுதித் தாங்க!” ஒரு சாயங்காலம் முழுக்க இருவரும் உட்கார்ந்து இல்லாத மாமன்களுக்குப் பெயர் வைத்தார்கள். சுவாமிதாஸ் அவ்வளவு சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

உப்பு கூடிய வாரம் வந்தது. அண்ணனுக்குப் பிரஷர் நூற்றைம்பத்திரண்டு, தம்பிக்கு நூற்றுப்பத்து. டாக்டர் துள்ளிக் குதித்தார். “ஒரே வயித்துல பிறந்து இவ்வளவு வித்தியாசமா? நாளைக்கே ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கணும்!”

ரத்தம் போனால் குட்டு உடையும், மேசை போய்விடும். அளவு ஒத்துப்போனால் டாக்டர் விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்ட சுவாமிதாஸ், பிச்சைக்கனியை நாலு மாடி ஏறி இறங்கச் சொன்னார். ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயைத் தின்னவும் வைத்தார். அந்த மனுஷனின் பிரஷர் இம்மி நகரவில்லை. பயத்தில் சுவாமிதாஸுடையதுதான் நூற்றெழுபதைத் தொட்டது. ரத்தமும் எடுத்தாயிற்று.

இருபத்தெட்டாம் நாள் ரிப்போர்ட்டோடு ஷிஜா மேசைக்கு வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் சுவாமிதாஸ் எழுந்துவிட்டார்.

“மக்ளே, எம்மேலதான் தப்பு. இவன் என் தம்பி இல்ல. சொந்தத் தம்பியைக் கூப்பிட நாக்கு எழும்பல. ஒத்தைக்குத் தின்னு தின்னு மடுத்து வெறுத்துப் போச்சு, அவ்வளவுதான்.”

அவர் கண் கலங்கியது. பிச்சைக்கனி கைகூடக் கழுவாமல் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஷிஜா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவர் ரத்தம் சேரலதான் அங்கிளே. ஆனா உங்க ரத்தத்தோட சேர்ற ஜெபசிங்னு ஒருத்தர் போன மாசம் இதே ஸ்டடிக்கு நெய்யாற்றின்கரை சென்டர்ல இருபத்தெட்டு நாள் சாப்பிட்டிருக்காரு, ‘இது எங்க அண்ணன் சுவாமிதாஸ்’னு வேற யாரையோ கூட்டிட்டு வந்து!”