நான் பெயர் போடாமல் எழுதிய வீட்டுக்கார அம்மாள்

மதிப்பிற்குரிய பத்திராசிரியர் அவர்களுக்கு,

திருவள்ளூர் போர்டு ஹைஸ்கூல் தமிழாசிரியர் ஜலாலுதீன் வணங்கி எழுதுவது. தாங்களும் தங்கள் காரியாலயத்தாரும் சௌக்கியமாய் இருக்க வேண்டுகிறேன்.

வீடு தேடிய என் அனுபவத்தை, ‘சோகம் அதிகம், நகைச்சுவை சேர்த்து, வீட்டுக்கார அம்மாள் மனம் திருந்துவதாக முடிக்கவும்’ என்று திருப்பி அனுப்பியிருந்தீர்கள். நகைச்சுவைக்குக் குறைவில்லை. முதல் வீட்டுக்காரர் என் தமிழை ரசித்துவிட்டுப் பெயரைக் கேட்டார். சொன்னேன். உடனே அவருக்குத் தம் மாப்பிள்ளை குடிவரப்போவது ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த வீட்டுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். அத்தனை மாப்பிள்ளைகளுக்கு ரயில் போதுமா என்று கவலைப்பட்டேன். கடைசியில் ஓர் அம்மாள்தான் ஒளிக்காமல் பேசினார். “சாயபுக்கா? மீனு வாசன வந்தா பேஜாரு. ஆக்காம இருக்கறதுன்னா இரு.”

இருந்தோம். என் மனைவி சாயிரா பானு கடலோரப் பழவேற்காட்டுப் பெண், அதிலும் மசக்கை. மைத்துனர் டிபன் கேரியரில் வறுத்த மீன் கொண்டுவரும் நாளில், ஸ்டேஷன் பிளாட்பாரக் கோடியில் பயணிகளைப்போல் உட்கார்ந்து தின்போம். போர்ட்டர் கேட்பார்: “இன்னா வாத்தியாரே, எந்த வண்டிக்கு?” “இப்ப வர்றதுக்கு.” “அது போயிட்சே.” “அப்ப அதுக்கு அடுத்தது.” கிணற்றில் எங்கள் கயிறு இறங்கக்கூடாதென்று அந்த அம்மாளே இறைத்து, எட்ட நின்று எங்கள் குடத்தில் ஊற்றுவார். கர்ப்பிணிக்கு இறைக்கிற வேலை மிச்சம். ஒருநாள் ஊற்றிக்கொண்டே, “வாத்தியாரே, உன்னப் பாத்தா சாயபு மாதிரியே தெரில” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அன்று பாடம் நடத்த முடியவில்லை; பையன்களைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

ஐயா, இதை முதலில் கோபமாக எழுதிக் கிழித்தேன். பிறகு அழுகையாக எழுதினேன். தங்களுக்கு வந்தது அதுதான். இப்போது சிரிப்பாகவும் எழுதியாயிற்று. அந்த அம்மாள் திருந்தினார் என்று எழுத மட்டும் கை வரவில்லை. அலுப்பாக இருக்கிறது, மன்னிக்கவும். தங்கள் பத்திரிகை வீடுதோறும் நுழையட்டும்; அதற்காவது யாரும் பெயர் கேட்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மு. ஜலாலுதீன்

பி.கு.: பிழை பார்க்க சாயிரா இதை உரக்கப் படித்தாள். வாசலில் அந்த அம்மாள் நின்று முழுவதும் கேட்டிருக்கிறார். வீடு போயிற்று என்று எழுந்தேன். “நான் சொன்னதெல்லாம் சரியாத்தான் எழுதிக்கிற. ‘ஓர் அம்மாள்’னு இன்னாத்துக்கு? ஜானகியம்மாள்னு போடு. பொதட்டூர்பேட்டைல எந்தங்கச்சி படிக்கட்டும்” என்றார். தவறாக ஏதோ நடந்ததாகவே அவருக்குப் படவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தையே அவர் பெயர் போட்டு அச்சிடவும். எனக்கு வேண்டாம், அவருக்கு இரண்டு பிரதி அனுப்பினால் போதும்.