இலஞ்சிப் பச்சைப் பெட்டி

ஜில்லா போர்டு தேர்தலில் பச்சைப் பெட்டியில்தான் சீட்டுப் போடுவோம் என்று இலஞ்சிக் கீழத்தெருவே முருகன் கோயில் திருநீற்றைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தது. அதே தெரு, அதே திருநீற்றைத் தொட்டு, சிவப்புப் பெட்டியிலும் போடுவதாக முந்தின வாரமே சத்தியம் செய்திருந்தது. இது நமசிவாயத்துக்கு இப்போதுதான் தெரிந்தது.

வேறு தெருவாக இருந்தால் பொய்ச் சத்தியம் என்று விட்டுவிடலாம். கீழத்தெருக்காரர்கள் அப்படியில்லை. வரப்புத் தகராறுகூட அங்கே கோர்ட்டு கச்சேரிக்குப் போகாது. திருநீற்றைத் தொட்டால் தீர்ந்தது. பிறகு இது எப்படி?

நமசிவாயம் தென்காசி அரிசி மில்லின் மேனேஜர். மில் முதலாளி வல்லிநாயகம் பச்சைப் பெட்டிக்கு நின்றார். கீழப்பாவூர் வியாபாரி அருமைநாயகம் சிவப்புப் பெட்டிக்கு.

"கீழத்தெரு ஒம்ம பொறுப்பு வே," என்றார் முதலாளி. "கவுத்துச்சுன்னா மில்லுச் சாவியக் குடுத்துட்டு வேற சோலியப் பாரும்."

"சாமி சத்தியம் வாங்கியிருக்கேன் முதலாளி."

"அவனும்லா வாங்கியிருக்கான்!"

நமசிவாயம் இலஞ்சிக்கு ஓடினார். அவர் தலையைக் கண்டதும் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. அந்தத் தெருச் சொரிமுத்துவுக்குச் சாத்தக் கதவு இல்லை, தோப்பில் இருந்தான். விறுவிறுவென்று தென்னையில் ஏறிவிட்டான்.

"ஏலே, இறங்குலே!"

"தேங்கா பறிக்கேன் அண்ணாச்சி."

"நேத்துதானலே பறிச்சே?"

"மிச்சம் எத்தனைன்னு எண்ணுதேன்."

கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்தே கேட்டான். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். சீட்டக் கிழிச்சு ரெண்டு பெட்டியிலயும் பாதிப் பாதி போட்டாச் செல்லுமா?"

"செல்லாதுலே! ரெண்டும் குப்பைக்குப் போவும்!"

"அய்யய்யோ! தெரு பூரா அப்படித்தான பேசி வச்சிருக்கோம்?"

கிழிக்காமல் போடக் கற்றுக்கொடுத்தால்தான் தப்பிக்கலாம் என்று நமசிவாயத்துக்குத் தோன்றியது. மண்ணெண்ணெய் டின் ஒன்றின் தலையில் வாயைக் கீறி, பச்சைச் சாயம் பூசினார். குற்றாலத்துச் சாரலில் சாயம் காய மறுத்தது. காயாத டின்னோடு மறுநாள் தெருவின் நடுவில் போய் உட்கார்ந்தார். வேட்டி பாதி பச்சையாகிவிட்டது.

"பயப்படாம வாங்க. இதுல ஒரு வித்தையும் இல்ல. சீட்டுல ஒண்ணும் எழுதாண்டாம், பேரு வாசிக்காண்டாம். எல்லாச் சீட்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். பெட்டி நிறந்தான் ஆளு! மறைப்புக்குப் பின்னால நீங்க தனியாத்தான் நிப்பீக. சீட்ட மடிக்கணும், பச்சை வாயில போடணும், வந்துடணும். எங்க, ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

வெட்டி வைத்திருந்த காகிதங்களை நீட்டினார். யாரும் அசையவில்லை. கடைசியில் ஆவுடைத்தாய் முன்னால் வந்தாள். அவள் பேரில் வயல் இருந்தது; அதனால் நிலத் தீர்வையும் அவள் பேரில், தீர்வை கட்டுவதால் ஓட்டும் அவள் பேரில். தெரு அவள் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும்.

"இது பச்சைப் பெட்டிதான அண்ணாச்சி?"

"பின்ன? கையில ஒட்டுதுல்லா, பாரு!"

அவள் போய்க் கால் கை கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து, சீட்டை மடித்துக் கண்ணில் ஒற்றிப் போட்டாள். அவள் பின்னால் தெருவே வரிசை கட்டியது. சொரிமுத்து மரத்திலிருந்து சறுக்கி வந்து போட்டான். போட்டவர்கள் முகமெல்லாம் தெளிந்துவிட்டது. ஒருத்தி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் புரியாது என்று நினைத்துக்கொண்டார் நமசிவாயம். அன்றுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

தேர்தலன்று கீழத்தெரு காலையிலேயே வந்து ஓட்டுப் போட்டது. ஒருவர் சீட்டும் கிழியவில்லை. வெளியே வந்த எல்லோரும் நமசிவாயத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறைப்புக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் அவர் வேர்த்துக்கொண்டே பதிலுக்குக் கும்பிட்டார்.

தென்காசியில் எண்ணிக்கை. கீழத்தெருவின் சிவப்புப் பெட்டியைத் திறந்ததும் சீட்டுகள் பொங்கி வழிந்தன. பச்சைப் பெட்டியைத் திறந்தார்கள். கவிழ்த்தார்கள். தட்டினார்கள். ஒரு கரப்பான் பூச்சி விழுந்தது.

வல்லிநாயகம் உள்ளங்கையை நீட்டினார். நமசிவாயம் சாவியை அதில் வைத்துவிட்டு, நேரே இலஞ்சிக்கு வந்தார்.

"ஏ ஆவுடைத்தாய்! சாமி சத்தியத்த மீறிட்டீகளே! என் பொழப்புல்லா போச்சு!"

ஆவுடைத்தாய் நெல் புடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"யாரு மீறுனா அண்ணாச்சி? ரெண்டு சத்தியத்துக்கு ஒத்தச் சீட்டத்தான சர்க்காரு தருதுன்னு தவிச்சுக் கெடந்தோம். நல்லவேளை, நீங்க வேற சீட்டும் பச்சைப் பெட்டியும் கொண்டாந்தீக, ஒங்க சத்தியத்த அன்னைக்கே அதுல போட்டு முடிச்சிட்டு, சர்க்காரு தந்தத அவுக செவப்புல போட்டோம்."