ஃபுல் ஹவுஸ் அக்காவும் கஞ்ச மெஷினும்

கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களுக்கு ஜாதகம் பார்த்துச் சொன்ன ஒரே ஜீவன், இந்த உலகத்திலேயே ஃபுல் ஹவுஸ் அக்காதான். சீனாவிலிருந்து வந்ததோ சிங்கப்பூரிலிருந்து வந்ததோ, அக்கா வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தக் கண்டெய்னரும் எங்கள் திருவொற்றியூர் யார்டுக்குள் நுழைந்தது கிடையாது.

நான் அங்கே பில் போடும் வேலையில் இருந்தேன். அக்கா கேட்டில் உட்கார்ந்து நம்பர் குறிப்பவர். கொருக்குப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தார். கல்யாணத்துக்கு நேரமில்லை என்பார். நேரமெல்லாம் செல்போன் வீடியோ போக்கருக்குப் போய்விட்டது. காசு கட்டாத ஓசி ஆட்டம்தான். திரையில் ஐந்து சீட்டு விழும். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை ஒரு தடவை மாற்றலாம். மூன்று சீட்டு ஒரே மாதிரி, மிச்ச இரண்டும் ஒரு ஜோடி என்று அமைந்தால் அதுதான் ஃபுல் ஹவுஸ். போனில் அதற்கு ஒன்றுக்கு ஒன்பதாகக் கிடைக்கும்.

ஆடி ஆடி அக்காவின் கண்ணே சீட்டுக்கட்டாகிவிட்டது. லாரி வந்து நின்றால் கண்டெய்னர் நம்பரின் கடைசி ஐந்து எண்ணைத்தான் பார்ப்பார். "இன்னா நைனா, ஒரு ஜோடிகூட இல்லாம வந்துகினுகீற? வூட்ல சண்டையா?" மூன்று ஏழும் இரண்டு நாலுமாக ஒன்று வந்துவிட்டாலோ, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஃபுல் ஹவுஸ்! ஓரங்கட்டு!" என்று கத்தி, டிரைவர் கையில் கடலை மிட்டாயை அள்ளித் திணிப்பார். ஒருநாள் அப்படி ஒரு கண்டெய்னரை நிறுத்திவைத்து ரசித்ததில், பின்னால் லாரி வரிசை எண்ணூரைத் தொட்டுவிட்டது. மேனேஜர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"கொஞ்சம் நில்லு சார். இது மாதிரி இன்னொண்ணு எப்ப வருமோ!" என்றார் அக்கா. மேனேஜரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார் என்பதுதான் ஆச்சரியம்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. துறைமுகத்திலிருந்து கிளம்பி, இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல் ஒன்றில் கேசினோ இருந்தது. கரையை விட்டு வெகுதூரம் போனபிறகுதான் அதைத் திறப்பார்கள். அங்கே நிஜ மெஷினில் ஒரு ஃபுல் ஹவுஸ் பார்த்துவிட வேண்டும். தீபாவளி போனஸை அப்படியே டிக்கெட்டில் போட்டார். அண்ணனிடம் வேளாங்கண்ணி என்று சொன்னார். துணைக்கு என்னையும் டிக்கெட் எடுக்க வைத்தார்.

கப்பலேறியவர் கேசினோவை மறந்தே போனார். கரை மறைந்து, தண்ணீரும் வானமும் ஒரே நீலமாகக் கலந்தபோது, "கனவுக்குள்ள யாரோ நம்மளத் தள்ளிகினு போற மாதிரி கீதுடி" என்றார். அன்று அவர் தூங்கவே இல்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தலைசீவி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே மெத்தென்ற கம்பளம். தண்ணீருக்கடியில் மணி அடிப்பதுபோல மெஷின்களின் சத்தம். கடைசி மெஷினுக்கு முன்னால் தெரிந்த முதுகைப் பார்த்து அக்கா நின்றுவிட்டார். அக்காவின் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி.

"அண்ணாச்சி?"

அவர் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏ பிள்ள, நீ எங்க இங்கன?"

"நானு வேளாங்கண்ணி போய்க்கீறேன். நீங்க?"

"நான் தூத்துக்குடிக்கு... மிளகா வத்தல் வாங்கப் போயிருக்கேன்."

வத்தல் வாங்க வைத்திருந்த பணத்தில் பாதியை மெஷின் விழுங்கியிருந்தது. மடியிலிருந்த பணப்பையைத் தடவிக்கொண்டே சொன்னார். "காலையில இருந்து இதுக்குத் தீனி போட்டுருக்கேன். குடுக்காமலா போயிரும்?"

மெஷினின் நெற்றியில் ஒளிர்ந்த பரிசுப் பட்டியலை அக்கா குனிந்து படித்தார். "ஃபுல் ஹவுஸுக்கு ஆறுதானா? ஒம்போது எங்க? ஒரு கிலோ பருப்புக்கு முக்கா கிலோ நிறுத்துக் குடுத்தா, உங்க கடைக்கு எவன் அண்ணாச்சி வருவான்?"

"பாத்ரூம் போயிட்டு வாரேன். யாரையும் உக்கார விட்டுறாத" என்று அண்ணாச்சி எழுந்தார். அவர் முதுகு மறைந்ததும் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்திரி பிள்ள, அது என் மெஷினு!" திரும்பி வந்தவர் பதறினார்.

"இருங்க அண்ணாச்சி. ஒரே ஒரு ஆட்டம்."

அந்த ஒரு ஆட்டம் சாயங்காலம்வரை நீண்டது. இருப்பதிலேயே குறைந்த காசு. ஒவ்வொரு சீட்டுக்கும் கன்னத்தில் கைவைத்து யோசனை. என்னைக் கேட்பார், அண்ணாச்சியைக் கேட்பார், பக்கத்து மெஷின்காரரை எந்த ஊரிலும் இல்லாத இந்தியில் கேட்பார். வாயிருந்தால் மெஷின் கொட்டாவி விட்டிருக்கும். வேறு மெஷின்கள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் அண்ணாச்சிக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. தீனி போட்டது இதற்குத்தானே? கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கரை நெருங்குகிறது, மூடப் போகிறோம் என்று அறிவித்தபோது திரையில் மூன்று ராணிகள் விழுந்தன. அக்கா மற்ற இரண்டையும் மாற்றினார். புதிதாக வந்த இரண்டுமே நாலாம் நம்பர் சீட்டு.

"வந்துச்சி! அண்ணாச்சி, வந்துச்சி!"

நாற்காலிமேலேயே ஏறி நின்றுவிட்டார். மெஷின் ரொம்ப யோசித்து, ஒன்றுக்கு ஆறு கொடுத்தது. அக்கா அதைப் பார்க்கவேயில்லை. விளக்கை அணைக்கும்வரை ராணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி மீதிப் பணம் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். "வேணும்னேதான் உக்காந்தியா பிள்ள?"

"வத்தல் இல்லாம எங்க அண்ணி கொயம்பு எப்டி வெக்கும்?"

மூவரும் மேல்தளத்துக்கு வந்தோம். ஊருக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கரையில் நின்று கடலைப் பார்த்தவர்கள் நாங்கள். கடலில் நின்று கரையைப் பார்த்தது அன்றுதான். எண்ணூர் புகைபோக்கிகள் பென்சில் கோடுகளாகத் தெரிந்தன. ராயபுரம் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டு எங்களை நோக்கி மிதந்து வந்தது.

"அதுவா நம்ம ஊரு? இன்னா சோக்கா கீது..." என்று சொல்லிக்கொண்டே அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அண்ணாச்சி தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

"எழுப்பாத, தாயி. தூங்கட்டும்."

கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தோள் மரத்துவிட்டது. கப்பல் நின்று, கயிறு கட்டி, எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை நான் அசையவில்லை.