பத்துக் கும்பமும் பத்துக் கணவாயும்

முத்திரை குத்துவதற்குக் கை மட்டும் போதும், தலை தேவையில்லை என்று நான் நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை, அனுபவத்தில் நம்பினேன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக முத்திரை குத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். கந்தோர் முத்திரையின் பிடியில் ஒரு பக்கத்தில் சின்னப் பொட்டு ஒன்று இருக்கும். எந்தப் பக்கம் மேல் என்று கைக்குச் சொல்லுகிற பொட்டு. அது அழகுக்கு வைத்தது என்றுதான் போன வருடம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் என் மகள் கீர்த்தனாவுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனோம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் பலகாரத்தோடு போய்க் கேட்பது. வெற்றிலை வட்டாவை நீட்ட வேண்டும். அவர்கள் வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டால் சம்மதம். (போடாவிட்டால் பலகாரத்தை அங்கேயே விட்டுவிட்டு மானத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவர முயற்சி செய்யலாம்.)

மாப்பிள்ளை வீடு வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில். பொடியன் கீர்த்தனா படிப்பிக்கிற பாடசாலையிலேயே படிப்பிக்கிறவன். இரண்டு பேரும் தங்களுக்குள் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பொடியனின் தாயும் சரி என்றாயிற்று. பிடி கொடுக்காதவர் அவனுடைய பெரியம்மா ஒருவர்தான். அந்தக் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் கிணற்று வாளிக்குக் கூடப் புதுக் கயிறு மாற்ற மாட்டார்கள். சகுனத்தில் மகா கண்டிப்பு. முன்பு வேறொரு பெண் வீட்டார் படலையில் கால் வைத்த நேரம் யாரோ தும்மிவிட, தேத்தண்ணி மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மூக்கு அரித்துக்கொண்டேயிருந்தது.

அவர்களுடைய சொந்தக்காரர் வீடுகளுக்கென்று இருபது பலகாரப் பொட்டலம் கட்டுவதாக ஏற்பாடு. ஒவ்வொன்றிலும் கையால் செய்த வாழ்த்து அட்டை தொங்க வேண்டும் என்பது கீர்த்தனாவின் ஆசை. உருளைக்கிழங்கில் உருவம் வெட்டி, மை தொட்டுக் குத்துகிற முறையை எனக்குப் போனில் காட்டினாள்.

"முத்திரைதானே மகள்? விடு. அது அப்பாட தொழில்."

பிறிஸ்டல் போட் அட்டை வாங்கிச் சதுரம் சதுரமாக வெட்டி, நூல் கோர்க்க மேல் விளிம்பில் ஓட்டை போட்டு, பின்பக்கத்தில் தன் உருண்டைக் கையெழுத்தில் வாழ்த்து எழுதி, கொஞ்சம் மேலதிக அட்டையும் சேர்த்து என்னிடம் தந்தாள். முன்பக்கம் என் பொறுப்பு. கும்பம் ஒன்று வெட்டிக் குத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் கந்தோரில், சந்தியில், முடி வெட்டுகிற கடையில் என்று போகுமிடமெல்லாம் என் கலைத்திறனைப் பற்றிப் பேசினேன். உருளைக்கிழங்கு சமையலறையில் முளைவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது மனைவி மகேஸ் கேட்டாள்.

"இஞ்சாருங்க, அட்டையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"இனித்தான் குத்தவேணும். அரை மணித்தியாலத்து வேலை."

"நாலரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்கு முன்னுக்கு வட்டாவ நீட்ட வேணும். குருமண்வெளிக்குப் போய்ப் பாதை எடுக்க வேணும். இவர் இனித்தான் குத்தப் போறாராம்!" என்று கூரையைப் பார்த்து முறையிட்டாள். (பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. ஆட்கள், சைக்கிள், ஓட்டோ எல்லாம் ஏற்றும். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு மேலேயும் பாதை உண்டு.)

கும்பத்தை நன்றாகத்தான் வெட்டினேன். உருண்டைக் குடம், ஐந்து மாவிலை, மேலே தேங்காய். பிறகுதான் மை ஞாபகம் வந்தது. என்னிடம் இருந்தது கந்தோர் நீலம்.

"நீலத்துல கும்பமா? செத்த வீட்டு நோட்டீஸ் அடிக்கிறீங்களோ?" என்றாள் மகேஸ்.

கடைகள் பூட்டு. அப்போதுதான் பெரிய யோசனை ஒன்று வந்தது. ஆலாத்தித் தண்ணி! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நல்ல சிவப்பு. மங்களத்துக்கு மங்களம், மைக்கு மை. கெட்டியாகக் கரைத்துக்கொண்டேன்.

வெளியே மகேஸின் தம்பி நேசன் ஓட்டோவோடு வந்து கோர்ன் அடித்தான். இருபது அட்டையையும் பாயில் இரண்டு வரிசையாகப் பரப்பினேன், பந்தியில் இலை போடுவதுபோல. நடுவில் குந்திக்கொண்டு இந்தப் பக்கத்து வரிசைக்கு ஒன்று, திரும்பி அந்தப் பக்கத்து வரிசைக்கு ஒன்று. சோறு பரிமாறுகிற அதே வேகம். கல்யாண வீடுகளில் எத்தனை பந்தி பார்த்த கை! பத்து நிமிடமும் ஆகவில்லை.

"முடிஞ்சுது!" என்று எழும்பியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மகேஸ் விசிறியால் காயவைக்க, வாழ்த்து எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி நேசன் நூல் கட்டினான். படம் பொட்டலப் பக்கம் போய்விட்டது. பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. உருளைக்கிழங்கையும் மிஞ்சிய அட்டைகளையும் என் பையில் போட்டுக்கொண்டேன். (சம்பந்திகள் "யார் செய்தது?" என்று கேட்டால் சாட்சி வேண்டுமே.)

புறப்படுகிற நேரம் கீர்த்தனா வாசலுக்கு வந்தாள். பெண் வரக்கூடாது, வீட்டில்தான் இருக்க வேண்டும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"அப்பா, அங்க போய்ப் பகிடி மட்டும் விடாதீங்க."

"நான் வாயே திறக்க மாட்டன்."

"அதுவும் சரியில்ல. கேட்டாப் பதில் சொல்லுங்க" என்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. அவள் தலையைத் தடவிவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

குருமண்வெளித் துறையில் பாதை எங்களுக்காகக் காத்திருந்ததுபோல நின்றது. ஏறினோம். பக்கத்தில் மீன் பெட்டியோடு ஓர் அக்கா. வெறும் பெட்டியாக்கும், வியாபாரம் முடித்துத் திரும்புகிறவர். காற்றில் எங்கள் பொட்டலத்து அட்டை ஒன்று படபடத்துத் திரும்பியது. அக்கா குனிந்து பார்த்தார்.

"தம்பி, கணவாயெல்லாம் வடிவா அடிச்சிருக்கீங்க. மீன் கடை திறக்கப் போறீங்களோ?"

"கணவாயா? அது கும்பம் அக்கா" என்று சிரித்துக்கொண்டே பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

கணவாய்தான். உருண்டைத் தலை மேலே, ஐந்து கை கீழே தொங்குகிறது. நடுவில் தேங்காய் வாய் மாதிரி. நூல் கட்டிய ஓட்டை மேலே இருக்க, என் கும்பம் கவிழ்ந்து கிடந்தது.

ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினேன். கும்பம். கணவாய். கும்பம். கணவாய். பந்தியில் ஆட்கள் எதிரெதிரே உட்காருவார்கள். ஆனால் அட்டைகளின் ஓட்டையெல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு வரிசை நிமிர்ந்த கும்பம், மறு வரிசை முழுக்கக் கவிழ்ந்த கும்பம்.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தாள் மகேஸ். "கவிழ்ந்த குடத்தோட மாப்பிள்ள கேட்டுப் போற முதல் ஆக்கள் நாங்கதான். அந்த மனிசி தும்மலுக்கே திருப்பி அனுப்பினவ!"

"பத்தையும் கழட்டி வாவியில போடுவம் அத்தான்" என்றான் நேசன்.

"பத்து வீட்டுக்கு அட்டை, பத்து வீட்டுக்கு இல்லையெண்டா அது வேற பிரச்சினைடா! புதுசாக் குத்துவம். கிழங்கு இருக்கு, அட்டை இருக்கு."

"மை?"

மகேஸின் கைப்பையில் கோயில் குங்குமப் பொட்டலம் இருந்தது. வாங்கிக்கொண்டேன். தனிக் குங்குமம் ஒட்டாதே என்று பட்டது. அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டிய ஒரே இரசாயனம் சுண்ணாம்புதான். வட்டாவிலிருந்த கரண்டகத்தைத் திறந்து, சுண்ணாம்பு முழுவதையும் உள்ளங்கையில் வழித்து, வாவித் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மகேஸ் அப்போது கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் இதைப் பார்க்கவில்லை.

பாதை மெல்ல அசைந்தது. வழக்கமாக இந்தப் பாதை எப்போது போய்ச் சேரும் என்று இருக்கும். அன்றைக்கு அந்தக் கரை எங்களை நோக்கி ஓடி வந்தது. முதல் குத்தில் பாதை ஆட, கும்பம் நீண்டு பூசணிக்காய் ஆயிற்று. இரண்டாவது குத்து என் முழங்காலில். அதற்குள் பாதையிலிருந்த எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"அழுத்தாதீங்கண்ணே, தொட்டுத் தூக்குங்க."

"கிழங்கு சுருங்கிப் போச்சுது. இனிக் குழம்புக்குத்தான்."

"அந்தக் கணவாயே உயிரோட இருந்துது, இது செத்துப் போச்சு" என்றார் மீன்கார அக்கா.

மூன்றாவது குத்துக்குக் கிழங்கை ஓங்கியபோது வாவிக் காற்று ஒன்று அடித்தது. மிச்ச அட்டையெல்லாம் கொக்குக் கூட்டம் மாதிரி எழும்பிப் போய்த் தண்ணீரில் உட்கார்ந்தன. அவற்றைப் பிடிக்கப் பாய்ந்ததில் கிழங்கும் கைநழுவி விழுந்தது. சாட்சியும் போயிற்று.

பாதை கரையில் முட்டியது.

"நிமிர்ந்ததுகள மேல வை, கவிழ்ந்ததுகள அடியில வை" என்று நேசனிடம் உத்தரவு போட்டேன். இருபது வருடக் கந்தோர் சேவையில் நான் படித்த ஒரே நிருவாக முறை அதுதான்.

மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது நாலு மணி தாண்டியிருந்தது. கை எரியத் தொடங்கியது. சுண்ணாம்பு தன் வேலையைக் காட்டுகிறது. துடைக்கத் துடைக்கக் குங்குமம் மணிக்கட்டு வரை ஏறியது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். (பொலிஸ் பிடித்துக்கொண்டு வந்தவன்போல இருந்ததாக மருமகன் பிற்பாடு சொன்னான்.)

மகேஸ் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். நிமிர்ந்த கும்பம் எல்லாம் சித்தப்பா, மாமி, ஒன்றுவிட்ட அண்ணன் என்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் குறையக் குறைய எனக்கு மூச்சும் குறைந்தது. மேலிருந்த பத்தும் முடிகிற நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து பெரியம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சேலை, வெள்ளித் தலை.

மகேஸின் கையில் அடுத்து வந்தது கணவாய்.

பெரியம்மா வாங்கினார். எழுத்தை வாசித்தார். அட்டையைத் திருப்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். எனக்கு மூக்கு அரித்தது. கையை முன்னால் கொண்டுவரவும் முடியாது, தும்மவும் முடியாது. கீர்த்தனாவின் கலங்கிய கண் ஞாபகத்துக்கு வந்தது. எல்லாம் என் உருளைக்கிழங்கால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"இத ஆரு செஞ்ச?"

கேட்டால் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறாள் மகள். "நான்தான்" என்றேன்.

அவர் மகேஸ் நீட்டிய வட்டாவைப் பார்த்தார். வெற்றிலை எடுத்தார். பாக்கு எடுத்தார். என் உயிர் திரும்பி வந்து பாதி தூரத்தில் நின்றது. கரண்டகத்தைத் திறந்தார்.

வெறும் கரண்டகம். துடைத்தெடுத்துப் பளபளத்தது.

சபை முழுதும் மகேஸைப் பார்த்தது. மகேஸ் என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து என் மூக்கு பொறுக்க முடியாமல் போக, என்னையறியாமல் வலது கை முன்னால் வந்தது. முழுக்கச் சிவப்பு, விரலிடுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. தும்மலை அந்தக் கையால் அமுக்கினேன். நிமிர்ந்தபோது மூக்கும் சிவப்பு.

பெரியம்மாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு வாய்விட்டே சிரித்தார். கையிலிருந்த அட்டையின் நூலை உருவி, அப்படியே தலைமாற்றிப் பிடித்தார்.

"இஞ்ச பாருங்க மனே. இப்பிடிப் பிடிச்சாக் கும்பம் நேராகுது. இதுக்கா இவ்வளவு கூத்து?" உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "புள்ள, நம்மட கரண்டகத்தக் கொண்டு வாகா. அப்பிடியே கொஞ்சம் தேங்காயெண்ணெயும். சம்பந்திர கை பொரிஞ்சு போய்க் கிடக்கு."

சம்பந்தி! மகேஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராகு காலம் தொடங்குவதற்கு முன் பெரியம்மாவின் வாய் சிவந்தது. என் கை அதற்கு முன்பே சிவந்திருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மணவறையில் கும்பம் வைக்கிற நேரம், "சம்பந்தியக் கொஞ்சம் அங்கால கூட்டிக்கொண்டு போங்க" என்று பெரியம்மா சொன்னதற்குப் பந்தலே சிரித்தது. எங்கள் வீட்டில் இப்போது கணவாய்க்குக் கும்பம் என்றுதான் பெயர். மருமகன் சந்தையிலிருந்து போன் எடுத்து, "மாமா, நல்ல கும்பம் வந்திருக்கு, ஒரு கிலோ வாங்கவோ?" என்று கேட்கிறான். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது. நானும், "சின்னதாப் பார்த்து வாங்குங்க மகன், பெரிசு சவ்வு" என்கிறேன்.

பாதையில் அன்றைக்கு என்னோடு ஒரு கூட்டமே நின்றது. மகேஸ் நின்றாள், நேசன் நின்றான், இருபது வருட முத்திரை அனுபவத்தோடு நானும் நின்றேன். சதுர அட்டை, பின்னால்தான் எழுத்து, முன்னால் ஒரு படம் மட்டும். ஒருவருக்கும் அதைத் திருப்பிப் பிடிக்கத் தோன்றவில்லை.

பெரியம்மா திருப்பிப் பிடித்தார். நடந்தது அவ்வளவுதான்.