ஐஸ் ராத்தா கேட்காத கேள்வி

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை உள்ள கரையில் ஐஸ் ராத்தாவைப் போலக் கேள்வி கேட்கிற பிறவி இன்னொன்று இருந்ததில்லை. ஒரு பொலிஸ் நிலையமே சேர்ந்து ஒரு கிழமையில் விசாரிப்பதை, அவர் ஒரு கட்டி ஐஸ் உடைப்பதற்குள் விசாரித்து முடித்துவிடுவார்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்தவர்; கரையில் எல்லாருக்கும் ராத்தா, அதாவது அக்கா. ஒரு கிழட்டு லொறியில் உமி போட்டு ஐஸ் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வந்து, ஆலங்குடாவில் படகுகளுக்கு விற்பார். நான் அந்தக் கரைக்குப் போன முதல் நாளே என் ஊர், சமயம், ஏன் எட்டாம் வகுப்போடு நின்றேன், கடைசியாக எந்த ஊரில் யாரோடு சண்டை பிடித்தேன் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“காலுல என்ன காயம்?”

“நாய் கடிச்சது ராத்தா.”

“யார்ட நாய்?”

யுத்தம் முடிந்து சில வருசம். வெள்ளைக்காரர் பெரிய பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் பறக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஒரு சம்மாட்டியின் படகில் வலை இழுத்து, இரவில் அதே படகின் நிழலில் படுத்தேன். ஒரு வியாழக்கிழமை விடிந்தபோது படகு இருந்தது, நான் இருந்தேன், இயந்திரம் இல்லை.

வேறென்ன, வெளியூரிலிருந்து வந்த வரத்தான் நான்தானே! சம்மாட்டி பொலிஸைக் கூட்டிவந்தார். அன்றிரவு பொலிஸ் கூண்டில். குறை சொல்லக்கூடாது, மணலைவிடச் சமதரை.

மறுநாள் புத்தளம் நீதிமன்றத்தில் நீதவான் பிணை தந்தார். நிரந்தர விலாசமுள்ள ஒருவர் வந்து சரீரப் பிணை நிற்கவேண்டும். எனக்கு விலாசமே கிடையாது, விலாசமுள்ள ஆளுக்கு எங்கே போவேன்? பின்னேரம் சிறைச்சாலை பஸ் வந்து நின்றது. ஆள் வராவிட்டால் விளக்கமறியல். உள்ளே போனால் எப்போது வெளியே வருவேன் என்று கேட்கக்கூட எனக்கு ஒரு நாதியில்லை. பஸ்காரன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான்!

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம். ஹோர்னும் பிரேக்கும் பொலிஸ்காரரின் ஏச்சும் ஒன்றாக. ஐஸ் லொறி! தண்ணீர் சொட்டச் சொட்ட, முக்காட்டில் உமி ஒட்டியிருக்க, ராத்தா ஓடி வந்தார். கையில் வதிவிடச் சான்றிதழ். அதில் மஞ்சள் கறை. கிராம சேவகரைக் கலியாண வீட்டுச் சஹன் தட்டிலிருந்து எழுப்பி, சோற்றுக் கையோடு ஒப்பம் வாங்கியிருக்கிறார்.

அவர் கையெழுத்து வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “ராத்தா, மாதா மேல சத்தியமா நான்…”

“பொத்து வாயை!” இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டார். “எடுத்தியா, எடுக்கல்லயா எண்டு எனக்கிட்டச் சொல்லப்படாது. அது நீதவான்ட வேலை. ஏறு லொறியில, ஐஸ் கரையுது!”

பாதி ஐஸ் கரைந்தே போயிருந்தது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் ஆலங்குடா வரும்வரை கூண்டில் என்ன சாப்பாடு, நீதவானுக்கு மீசை உண்டா என்று கேட்டுத் தள்ளினார். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

வழக்கு மாசக்கணக்கில் இழுத்தது. நான் ஞாயிறுதோறும் பொலிஸில் ஒப்பமிட்டேன், மற்ற நாட்களில் ராத்தாவின் ஐஸ் உடைத்தேன். ஒருநாள் அதே சம்மாட்டி, படகு நிறையச் சூரை மீனோடு, உச்சி வெயிலில் ஓடி வந்தார்.

“ராத்தா, ஐஸ்! கெதியா! எங்க அந்தக் கள்ளன், தூக்கச் சொல்லுங்க!”

ராத்தா ஐஸ் பெட்டியை மூடி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். “யாரு கள்ளன்? நீதவான் உங்களுக்கு மட்டும் ரகசியமாச் சொல்லி அனுப்பினவரா?”

“மீன் பழுதாகுது ராத்தா!”

“ஓம், மணக்குது.”

சம்மாட்டி மீனைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி… அந்த… வழக்கில நிக்கிற தம்பி.”

“இப்ப சொல்லுங்க, எத்தினை கட்டி?”

கடைசியில் சாட்சி ஒன்றும் இல்லையென்று என்னை விடுவித்தார்கள். இயந்திரத்தை யார் எடுத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நீதிமன்றப் படி இறங்கினோம். ராத்தா அங்குமிங்கும் பார்த்தார். என் சட்டையைப் பிடித்து மதிலோரம் இழுத்தார். முகமெல்லாம் வேர்வை.

“வழக்கு முடிஞ்சிதானே? இப்ப கேக்கலாம்தானே? சொல்லுடா மகன், எடுத்தியா?”

“இல்ல ராத்தா.”

“அப்ப சரி” என்றார். சத்தியம் கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார். “இத்தினை மாசமா எனக்கு நித்திரையில்லடா!”

“எடுத்தன் எண்டா என்ன செய்திருப்பீங்க?”

“ஏசியிருப்பன். பிறகு ஐஸ் உடைக்கத்தான் சொல்லியிருப்பன்.”

ஒரு மீன் பருவத்துக்கு மேல் எந்த ஊரிலும் தங்காத கால் என்னுடையது. இனிக் கையெழுத்தும் இல்லை, பிணையும் இல்லை, எங்கேயும் போகலாம். பஸ் தரிப்பிடம் எதிரேதான் இருந்தது. ராத்தா லொறியின் மற்றப் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், ஹோர்ன் அடிக்காமல், சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் அந்தக் கரையில் இன்னும் நாலு வருசம் இருந்தேன்.